சவர்க்காரத்தின் காபன் தடம்: எக்செல்லில் கணக்கிடும் முறை

கோப்பாயில் மாமா சின்ன அளவில் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் செய்கிறார். ஜேர்மனியில் கடை வைத்திருக்கும் ஒருவர் அதை வாங்கக் கேட்டார். கூடவே, "ஒரு கிலோவுக்குக் காபன் தடம் எவ்வளவு?" என்றும் எழுதியிருந்தார். ஒரு பொருளை உருவாக்கும்போது காற்றுக்குப் போகும் காபனீரொட்சைட்டு முதலிய வெப்பமாக்கும் வாயுக்களின் மொத்தக் கணக்குத்தான் காபன் தடம். மாமா போனை அப்படியே என் கையில் தந்துவிட்டார். மூன்று கிழமை மண்டையை உடைத்தபின் விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

படி 1. எல்லையையும் அலகையும் முதலே எழுதி வையுங்கள். எங்கள் எல்லை, மூலப்பொருள் உருவாவதில் தொடங்கிப் பட்டறை வாசல் வரை. அலகு, விற்கும் நிலையில் உள்ள ஒரு கிலோ சவர்க்காரம். "விற்கும் நிலையில்" என்பதைக் கவனியுங்கள். ஒரு தடவைக்கு நாங்கள் அச்சில் ஊற்றுவது 61 கிலோ. ஆறு கிழமை காய்ந்தபின் தட்டில் இருப்பது 52 கிலோ. மொத்த உமிழ்வை 61ஆல் வகுத்தால் விடை 15 சதவீதம் குறைந்து அழகாகத் தெரியும். ஆனால் பிழை.

படி 2. உள்ளே போகும் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள்: எண்ணெய், காஸ்டிக் சோடா (சோடியம் ஐதரொட்சைட்டு), கரண்ட், ஜெனரேட்டர் டீசல், லொறி, பெட்டி. ஒவ்வொன்றின் அளவையும் அதற்குரிய உமிழ்வுக் காரணியால் (ஒரு அலகுக்கு எவ்வளவு வாயு வெளியாகும் என்ற எண்) பெருக்கிக் கூட்டினால் சரி. டீசல் ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ காபனீரொட்சைட்டு. இரண்டு லீற்றருக்கு 5.4 கிலோ, அதை 52ஆல் வகுத்தால் கிலோவுக்கு 0.1. லொறிக்குத் தொன்-கிலோமீற்றர், அதாவது தொன்னில் எடையைத் தூரத்தால் பெருக்கிய எண், வேண்டும்: 40 கிலோ எண்ணெய் கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் வந்தால் 16. இதற்கான காரணிகளைப் பிரித்தானிய அரசு ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடுகிறது. கரண்டின் காரணிக்கு இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் வலுச் சமநிலை அறிக்கையைப் பாருங்கள். சுன்னாகத்தில் எண்ணெய் எரிக்கும் மின்நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது என்று அதன் கணக்கைப் போடக்கூடாது. எங்களுக்கு வருவது தேசிய மின்கட்டமைப்பின் கரண்ட்.

படி 3. காஸ்டிக் சோடா. நான் விழுந்த கிடங்கு இதுதான்.

நாங்கள் வாங்குவது 50 சதவீதக் கரைசல், ஒரு தடவைக்கு 14 கிலோ. உமிழ்வுக் காரணிகளைத் தரும் ஈகோஇன்வென்ட் தரவுத்தளத்தில் தேடினால் "சோடியம் ஐதரொட்சைட்டு, நீர் இன்றி, 50% கரைசல் நிலையில்" என்ற பொருளில் ஒரு பெயர் வரும். 50 என்று கண்டதும் 14ஐப் போட்டுப் பெருக்கினேன். அந்தக் காரணி கரைசலில் உள்ள தூய காஸ்டிக் ஒரு கிலோவுக்கானது, தண்ணீர் கணக்கில் இல்லை. போட வேண்டியது 7. பிழையைப் பிடித்தது மாமா. திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பது கிலோ எண்ணெய்க்குப் பதினாலு கிலோ காஸ்டிக்கோ? குளிக்கிறவன்ர தோல் உரிஞ்சு போகும் தம்பி" என்றார். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுதாகச் சவர்க்காரமாக 183 கிராம் அளவில் தூய காஸ்டிக் போதும். 40 கிலோவுக்கு 7.3. கொஞ்சம் எண்ணெய் மிஞ்ச வேண்டும் என்று மாமா 7 போடுகிறார். அன்றிலிருந்து எந்த எண்ணைப் போட்டாலும் முதலில் இரசாயனச் சமன்பாட்டோடு ஒத்துப் பார்க்கிறேன்.

காஸ்டிக்கின் தடம் ஏன் பெரிது? உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தித்தான் அதை எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எடுத்தார்கள். இப்போது இறக்குமதி, எனவே எந்த நாட்டு மின்சாரம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஒரு கிலோ காஸ்டிக்கோடு 0.89 கிலோ குளோரினும் 25 கிராம் ஐதரசனும் வருவதால் உமிழ்வுச் சுமையை மூன்றுக்கும் பங்கிட வேண்டும். பெரும்பாலும் எடைப்படி பங்கிடுவார்கள். தரவுத்தளக் காரணியில் இது ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும், நீங்கள் மறுபடி பங்கிட வேண்டாம்.

மென்பொருள்? என் கட்சி எக்செல்தான். இந்தக் கணக்குக்கென்றே உள்ள ஓப்பன்எல்சிஏ மென்பொருள் இலவசம், நல்லது, ஆனால் அதற்குள் போடும் ஈகோஇன்வென்ட் போன்ற தரவுத்தளம்தான் காசு. காரணி எங்கிருந்து வந்தது என்று சொல்லாத இணையக் கணிப்பான்களைத் தொடவே வேண்டாம். வாங்குபவர் திருப்பிக் கேட்டால் உங்களிடம் பதில் இராது. முடிந்தால் காஸ்டிக் விற்பவரிடமே அவர்களின் எண்ணைக் கேளுங்கள். டிஎப்எஸ் எனப்படும் இரசாயனக் கொம்பனிகளின் கூட்டமைப்பு 2022இல் வழிகாட்டி வெளியிட்டபின் பெரிய கொம்பனிகளிடம் இந்த எண் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பிற்சேர்க்கை 1: கரைசலை லீற்றரில் வாங்குகிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். 50 சதவீதக் கரைசல் ஒரு லீற்றர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. முதலில் கிலோவாக்கி, அப்புறம் பாதியாக்குங்கள்.

பிற்சேர்க்கை 2: "தென்னை உறிஞ்சிய காபனைக் கழிக்கலாமா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். காபன் தடக் கணக்குக்கான சர்வதேசத் தரநியமமான ஐஎஸ்ஓ 14067 அதைத் தனியாகக் காட்டச் சொல்கிறது. குளித்துக் கழுவிய சவர்க்காரம் சிதைந்ததும் அந்தக் காபன் மறுபடி காற்றுக்கே போகும். நான் தனி வரிசையில் போட்டு அனுப்பினேன். ஜேர்மனிக்காரர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பெட்டி அட்டையின் எடையைத்தான் கேட்டார்.