வேலைக்கு ரெஸ்யூமேயோட அனுப்புற கவர் லெட்டர் எழுதப் போறீங்களா, இத ஒருக்கா வாசிச்சிட்டு எழுதுங்க

எங்க சித்தி மவ மார்த்தாண்டத்துல ஒரு ரப்பர் கடையில ரெண்டு வருஷமா கணக்கு பாக்கா, திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்துல இருக்க டெக்னோபார்க் ஐடி வளாகத்துல ஒரு அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போடணும்னு லெட்டர் எழுதிட்டு வந்து காட்டினா. முதல் வரியே நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், கத்துக்க ஆர்வம் உள்ளவள். எல்லாரும் இததான் எழுதுறாங்க, அதனாலயே வாசிக்கிறவங்க மனசுல ஒண்ணும் நிக்காது.

மக்ளே, கடையில ஒரு நாள் முழுக்க என்ன செய்வேன்னு மட்டும் சொல்லுன்னு கேட்டேன். காலையில கோட்டயம் ரப்பர் ரேட் பாத்து போர்டுல எழுதுவேன், ஷீட்ட தரம் பிரிச்சு எடை போட்டதும் பில் போட்டு டாலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல ஏத்துவேன், மாசம் 11-ந் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, 20-ந் தேதிக்குள்ள 3பி, இந்த ரெண்டு ஜிஎஸ்டி ரிட்டனுக்கும் கணக்கு ரெடி பண்ணி ஆடிட்டருக்கு அனுப்புவேன், இதுவரை ஒரு தடவ கூட லேட் ஃபீ கட்டினது இல்லன்னு சாதாரணமா சொல்லிட்டு இருக்கா. லெட்டர் இதுதான்! அந்த லேட் ஃபீ விஷயத்த முதல் வரியில வைக்கச் சொன்னேன்.

அடுத்து விளம்பரத்த பக்கத்துல வச்சுக்கோங்க. அதுல டாலி, ஜிஎஸ்டி, எக்செல் கேட்டிருந்தா ஒவ்வொண்ணுக்கும் நீங்க செஞ்ச ஒரு வேலைய எழுதுங்க. ரெஸ்யூமே அதுகூடவே போகுது, பத்தாம் கிளாஸ் மார்க்க இங்கயும் எழுத வேண்டாம். தெரியாதத தெரியும்னு போடவே போடாதீங்க, இன்டர்வியூல முதல் கேள்வியே அதுலதான் வரும்.

நம்ம ஊர்க்காரங்க கண்டிப்பா எழுத வேண்டியது ஒண்ணு இருக்கு. மார்த்தாண்டத்துல இருந்து தினமும் வந்து போவாளான்னு கம்பெனிக்காரங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், குழித்துறையில ரயில் ஏறி வருவேன் இல்லன்னா அங்கயே ஹாஸ்டல்ல தங்குவேன், இத்தன நாள்ல சேர முடியும்னு நீங்களே சொல்லிடுங்க. சம்பளம் அவங்க கேட்டா மட்டும் எழுதினா போதும்.

மொத்தம் மூணு நாலு பாரா, ஒரு பக்கத்துக்குள்ள. விளம்பரம் இங்கிலீஷ்ல இருந்தா லெட்டரும் இங்கிலீஷ்ல, சின்னச் சின்ன வாக்கியமா. எடுத்ததும் ரெஸ்பெக்டட் சார்னு போடாதீங்க, வாசிக்கிறது மேடமா இருக்கலாம், டியர் ஹயரிங் மேனேஜர்னு போட்டா யாருக்கும் பொருந்தும். பிடிஎஃப்க்கு உங்க பேரையும் வேலையோட பேரையும் வைங்க.

பழைய லெட்டர காப்பி பண்ணித் திருத்தி அனுப்பினா கம்பெனி பேர எல்லா இடத்துலயும் தேடிப் பாருங்க, நான் ஒருக்கா கடைசி பாராவுல வேற கம்பெனி பேரோடயே அனுப்பிட்டேன், அங்க இருந்து பதிலே வரல.