நெல்லிக்கனியோடு நின்றுவிடாதீர்கள்: பழம்பாடல்களில் மனிதரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஐயா, அதியமான் வள்ளல் என்றால் ஔவையாரை ஏன் காக்க வைத்தார்?"

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. தருமபுரியில் நாங்கள் சிலர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடிப் புறநானூறு படிக்கிறோம். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். கூட இருப்பவர்களில் விதைக்கடைக்காரர் ஒருவர், செவிலியர் ஒருவர், பேத்திக்குத் துணையாக வந்து இப்போது பேத்தியைவிட ஆர்வமாகக் கேட்கும் ஓர் அம்மா, மூன்று நான்கு பள்ளிப் பிள்ளைகள். அன்றைக்கு எடுத்தது 206ஆம் பாடல். பரிசில் தராமல் நாள் கடத்திய மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சிமேல் கோபம் கொண்டு, அரண்மனை வாசல் காவலனிடம் ஔவையார் பேசுகிறார். "வாயிலோயே! வாயிலோயே!" என்று இரண்டு முறை அழைத்துவிட்டு, "நெடுமான் அஞ்சி தன்னறியலன்கொல்? என்னறியலன்கொல்?" என்று கேட்கிறார். உன் அரசனுக்குத் தன்னைத் தெரியவில்லையா, என்னைத் தெரியவில்லையா?

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். அதியமான் என்றதும் நெல்லிக்கனியைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முன் அது பெரிய குறையாகத் தெரிந்தது. மனித இயல்பையும் இன்றைய சமூகத்தையும் அறியப் பழைய இலக்கியம் உதவும் என்று மேடைதோறும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் நாம் படிக்கிற முறையே பல நேரம் அந்த உதவியைத் தடுத்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பாடல்களைக் கொண்டே அதைச் சொல்கிறேன்.

கதையைக் கேட்டுவிட்டுப் பாடலை விட்டுவிடுவது

நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும். பாடலைப் படித்தவர்கள் குறைவு. புறநானூற்றின் 91ஆம் பாடலில் அந்தச் செய்தி நான்கைந்து அடிகளில் முடிந்துவிடுகிறது. அதில் என் நெஞ்சில் தைத்த தொடர் "ஆதல் நின்னகத்து அடக்கி" என்பது. கனியால் விளையும் பயனை உன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு எனக்குத் தந்தாய் என்கிறார் ஔவையார். இது சாவைத் தள்ளிவைக்கும் கனி என்று அவன் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருப்பாரா? "நீங்களே உண்ணுங்கள்" என்று மறுத்திருப்பார். வாங்குகிறவர் மறுக்கவும் கூசவும் இடம் வைக்காமல் கொடுத்தான் என்பதே இந்தப் பாடல் காட்டும் நுட்பம். கதையாகச் சொல்லும்போது அரிய கனி என்பது மட்டும் நிற்கிறது. கொடுத்தவனின் மௌனம் விடுபட்டுப் போகிறது.

கதை செய்யும் இன்னொரு கேடு, ஔவையாரையே மாற்றிவிடுவது. நம் மனத்தில் இருப்பது கோலூன்றி, திருநீறு பூசி, ஆத்திசூடி சொல்லும் பாட்டி. ஆத்திசூடி பாடிய ஔவையார் பல நூற்றாண்டு பிந்தியவர். சங்கப் பாடலின் ஔவையார் வேறு. 89ஆம் பாடலில் பகையரசன் ஒருவன் அவரை மை தீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியும் உடைய விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண், என்று அழைத்து, "உங்கள் நாட்டில் போரிடுவோர் உண்டா?" என்று கேட்கிறான். 235ஆம் பாடலில், கள் சிறிதளவே கிடைத்தால் அதை எங்களுக்கே தந்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் மகிழ்ந்து உண்பானே என்று இறந்துபோன அதியமானை நினைத்து அவர் அழுகிறார். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே என்கிறார். ஊர் ஊராகப் போகிற, பசியறிந்த, நட்பை மறைக்காத ஒரு பெண் இங்கே நிற்கிறார். பாட்டியை முன்னால் நிறுத்தினால் இவர் நம் கண்ணில் படவே மாட்டார்.

ஒருவரை ஒரே நிறத்தில் பார்ப்பது

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 206ஆம் பாடலின் முடிவு பலருக்கும் மனப்பாடம்: "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே." பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் வரி. அதற்கு முந்தைய வரியை எவரும் சொல்வதில்லை. மரம் வெட்டும் தச்சனின் கைத்திறன் உள்ள பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போவது போன்றது எங்கள் நிலை என்கிறார். கையில் தொழிலும் கருவியும் இருப்பவனுக்குக் காட்டில் எந்தப் பக்கம் போனாலும் மரம் உண்டு. அந்த உவமையோடு சேர்த்துப் படித்தால், அது வெறும் வீறாப்பாக இல்லாமல் தன் வேலையை அறிந்தவரின் நம்பிக்கையாக ஒலிக்கிறது. பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் பையைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும் இளைஞர்களுக்கு நான் இந்த வரியை உவமையோடு சேர்த்தே சொல்கிறேன்.

அதே ஔவையார் 101ஆம் பாடலில் என்ன சொல்கிறார்? ஒரு நாள் போனாலும், இரண்டு நாள் போனாலும், பல நாள் பலரோடு போனாலும் முதல் நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பவன் அதியமான் என்கிறார். பரிசில் தரக் காலம் நீண்டாலும் நீளாவிட்டாலும், யானை தன் கொம்புகளுக்கு இடையே வைத்த கவளம் போல அது நம் கையில் இருப்பதுதான். நெஞ்சே, வருந்தாதே என்று தன்னையே தேற்றிக்கொள்கிறார். அதே மனிதர், அதே மன்னன், அதே தாமதம். ஒரு நாள் கோபம், ஒரு நாள் பொறுமை. எது முந்தியது என்று தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். இரண்டையும் தொகுத்தவர்கள் ஒன்றை மறைக்கவில்லை என்பதைப் பாருங்கள். நமக்கு வேண்டியவர்களிடம் நாம் எப்படி இருக்கிறோம்? இந்த இரண்டு பாடல்களுக்கும் நடுவில்தானே?

94ஆம் பாடலில் அவரே அதியமானை யானைக்கு ஒப்பிடுகிறார். நீர்த்துறையில் ஊர்ச் சிறுவர்கள் தந்தத்தைக் கழுவும்போது படுத்துக்கிடக்கும் யானை போல எங்களுக்கு இனியவன். அதே யானையின் மதம் போலப் பகைவருக்குக் கொடியவன். 100ஆம் பாடல் இன்னும் கூர்மையானது. போர்க்களத்திலிருந்து நேரே வந்து, கையில் வேலோடும் உடம்பில் வியர்வையோடும் கழுத்தில் ஆறாத புண்ணோடும், பிறந்த மகனைப் பார்க்கிறான். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், தன் சிறுவனைப் பார்த்தபின்னும் சிவப்பு மாறவில்லை. புகழ்ச்சிப் பாடல்தான் இது. ஆனாலும் செவிலியராக இருக்கும் எங்கள் தோழி இதைக் கேட்டதும் சற்று நேரம் பேசவில்லை. இரவுப் பணியின் பரபரப்பு முகத்தை விட்டு நீங்கும் முன்பே வீட்டுக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்கியிருக்கிறேன் என்றார் பிறகு.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கசக்கும் செய்தி ஒன்றும் உண்டு. அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதை அழித்தவன் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் அவனைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். பெயருக்கு முன்னாலேயே "தகடூர் எறிந்த" என்று அடையாளம். சிறு வயதில் இவன்மேல் எனக்கு உண்மையாகவே பகை இருந்தது. ஆனால் புறநானூற்றின் 50ஆம் பாடல் இவனைப் பற்றியதே. முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல், களைத்துப்போன மோசிகீரனார் அதில் ஏறி உறங்கிவிட்டார். அந்தக் குற்றத்துக்கு அவரை இரண்டு துண்டாக வெட்டியிருக்கலாம். அவனோ கவரி எடுத்து, அவர் தானாக விழிக்கும்வரை வீசிக்கொண்டு நின்றான். ஊரை அழித்த தோளும் விசிறிய தோளும் ஒன்றே. நம்மவன் நல்லவன், எதிரி தீயவன் என்ற முடிவோடு நூலைத் திறப்பவருக்கு இந்த 50ஆம் பாடல் கண்ணில் பட்டும் மனத்தில் படாது. இன்று அரசியலையும் உறவுப் பகையையும் நாம் பார்க்கிற விதமும் இதுவே.

பசியை மறந்துவிட்டுப் பொற்காலம் பேசுவது

சங்க காலம் குறையில்லாத காலம் என்று பேசுவோர் பெருஞ்சித்திரனாரைப் படிக்க வேண்டும். வள்ளல் குமணனைப் பாடிய 160ஆம் பாடலில் தன் வீட்டைக் காட்டுகிறார். உணவில்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வெளியே திரியும் மகன், பசி தாங்காமல் வந்து தாயின் பாலில்லாத மார்பைச் சுவைக்கிறான். பிறகு வெறும் பாத்திரங்களைத் திறந்து பார்த்து அழுகிறான். அவள் புலி வருகிறது என்று பயம் காட்டுகிறாள், நிலவைக் காட்டுகிறாள், அப்பா மேல் நீ கோபப்படுவது எப்படி, முகத்தைக் காட்டு என்று கேட்டுக் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறாள்.

இதே புலவர்தான் அதியமானின் பரிசிலைத் திருப்பி அனுப்பியவர். 208ஆம் பாடல். குன்றும் மலையும் பல கடந்து பரிசில் பெற வந்தேன் என்று சொல்லி அனுப்புகிறார். மன்னன் நேரில் பார்க்காமல், இதைப் பெற்றுக்கொண்டு போகட்டும் என்று பொருளைக் கொடுத்து அனுப்பிவிட்டான். "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்கிறார் புலவர். என்னைப் பார்த்து, என் தகுதியறிந்து, விரும்பிக் கொடுத்தால் தினையளவே ஆனாலும் அது இனிது. வீட்டில் பசி என்னவென்று அறிந்த ஒருவர் இதைச் சொல்கிறார் என்பதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

இந்தப் பாடலைப் படித்த அன்று, பேத்தியோடு வரும் அந்த அம்மா, "திரும்ப ஒரு தடவை வாசியுங்கள் ஐயா" என்றார். வாசித்தேன். "என் மகன் பெங்களூரில் இருக்கிறான். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறது. ஆள்தான் வருவதில்லை. பணத்தை எடுக்கும்போதெல்லாம் ஒரு வருத்தம் வரும், அது என்னவென்று இதுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார். மகனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கு விடுப்புக் கிடைக்காது என்று உடனே சேர்த்துக்கொண்டார். "காணாது ஈத்த" என்ற இரண்டு சொல்லைத் தன் நோட்டில் பேத்தியை எழுதச் சொன்னார்.

இன்றைக்கு அப்படியே பொருத்திவிடுவது

அந்த அம்மாவின் பொருத்தம் சரி, ஏனென்றால் அது உணர்ச்சியில் பொருந்துகிறது. அமைப்பில் பொருத்தும்போது கவனம் வேண்டும். "வாயிலோயே" பாடலைக் கேட்ட விதைக்கடைக்காரர், "அலுவலக வாசலில் மனுவோடு நிற்கிறோமே, அதுதானே இது?" என்றார். காத்திருப்பின் வலி ஒன்றுதான். ஆனால் பரிசிலர் மன்னனின் ஈகையை நம்பி நின்றவர். அவருக்கு வேறு வழியில்லை, அடுத்த அரசனிடம் போவதைத் தவிர. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நிற்பவர் உரிமையைக் கேட்டு நிற்கிறார். அவருக்குக் கிடைப்பது பரிசில் ஆகாது, கொடுப்பவர் வள்ளலும் ஆகார். நம் மேடைகளில் பதவியில் இருப்போரை வள்ளல் என்று வாழ்த்துகிற பழக்கம் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. பழைய பாடல் இன்றைய சமூகத்தைப் பற்றி நமக்குச் சொல்லும் முக்கியமான செய்தி, அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்பதிலும் உண்டு.

இதோடு ஒட்டிய சிறு தவறு, ஒற்றை வரியைப் பிடுங்கிக்கொள்வது. "யாதும் ஊரே" என்பவர்கள் அதே 192ஆம் பாடலின் இறுதியில் சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று வருவதைச் சொல்லிப் பழகினால் நல்லது.

நூலை ஊரிலிருந்து பிரித்து வைப்பதும் ஒரு தவறு. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சி "ஈத்த பாளி" என்று இருக்கிறது. பாளி என்றால் குகைப் படுக்கை. நெல்லிக்கனிப் பாடலில் ஔவையார் சொன்னதும் "எமக்கு ஈத்தனையே" என்பதுதான். கல்லிலும் பாட்டிலும் ஒரே வினைச்சொல். அதைக் காட்டியபோது பிள்ளைகள் புத்தகத்தை மூடவே இல்லை.

தொடங்க விரும்புவோர் சொல் பிரித்த பதிப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபின் நல்ல உரைகள் பல வந்திருக்கின்றன. பாடலை இரண்டு முறை வாய்விட்டுப் படித்த பிறகே உரையைத் திறங்கள். பாட்டின் கீழே உள்ள குறிப்பு பின்னர் தொகுத்தோர் எழுதியது என்பதையும் நினைவில் வையுங்கள். வரிசையாக 400ஐயும் படிக்க வேண்டியதில்லை. 91, 206, 101, 208, 50, 235 என்று போனால் தகடூரே கண்முன் எழுந்துவிடும்.

அடுத்த முறைக்கு 232ஐ வைத்திருக்கிறோம். அதியமானுக்கு நட்ட கல்லுக்கு மயில்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் வார்க்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று கேட்கிறார் ஔவையார். எங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் நடுகற்கள் ஏராளம். பல ஊர்களில் வேடியப்பன் என்று இன்றும் பொங்கல் வைத்து வணங்குகிறார்கள். அப்படி ஒரு கல்லின் அருகே வேப்பமர நிழலில் உட்கார்ந்து படிப்பதாகத் திட்டம். அந்த மாணவி பாடலை முன்பே படித்துவிட்டாள். நேற்று என்னிடம் கேட்டாள்: "கொள்வானோ என்று கேட்டுவிட்டு, ஔவையார் தன் கையால் ஊற்றினாரா, ஊற்றாமல் திரும்பிவிட்டாரா, ஐயா?"