செவிலியர் பணி வேண்டுமா, வேண்டாமா: பிறர் சொல்லை விலக்கி முடிவெடுப்பது எப்படி?

செவிலியர் படிப்பு வேண்டாம் என்று சொல்லும் இளையோரில் பலர் அந்தப் பணியை அருகிலிருந்து பார்த்ததே இல்லை. "டாக்டர் சொன்னதைச் செய்கிற வேலைதானே", "அது பெண்களுக்கு உரியது" என்று வீட்டிலும் திரையிலும் கேட்டதை வைத்தே ஒதுக்கிவிடுகிறார்கள். தியாகத்தின் திருவுருவம் என்ற புகழ்ச்சியை நம்பிச் சேர்பவர்களோ, உடற்கூற்றியலும் மருந்தியலும் முன்னால் வந்து நிற்கும்போது திகைத்துப் போகிறார்கள். இரண்டுமே வருந்தத்தக்கவை.

ஆகவே, உங்கள் பிள்ளையிடமோ மாணவரிடமோ ஒரு தாளைக் கொடுத்து, செவிலியர் என்றதும் மனத்தில் தோன்றுவதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றையும் யாரிடம் கேட்டார், எங்கே பார்த்தார் என்பதையும் எதிரே குறிக்கச் சொல்லுங்கள். இடையில் புகுந்து திருத்தாதீர்கள்.

அடுத்து, பணியிலுள்ள ஒரு செவிலியரைச் சந்திக்க வையுங்கள். "வேலை நல்லதா?" என்ற கேள்வியால் பயனில்லை, "கடைசியாகப் பார்த்த ஷிப்டில் என்னென்ன செய்தீர்கள்?" என்று மணி வாரியாகக் கேட்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 16 முறை மூச்சு விட்டுக்கொண்டிருந்த நோயாளி நள்ளிரவில் 28 முறை விடுவதை எண்ணிக் கண்டறிந்து, ரத்த அழுத்தம் சரியும் முன்பே மருத்துவரை எழுப்பும் முடிவு செவிலியருடையது என்பது அப்போதுதான் விளங்கும். ஊதியம், இரவுப் பணி, முதுகுவலி ஆகியவற்றையும் மறைக்காமல் கேட்கட்டும்.

பெண்களின் வேலை என்று எழுதியிருந்தால், அந்த வரியில் சற்று நில்லுங்கள். செவிலியர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் பெண்கள் என்று உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கூறுவது உண்மையே. ஆனால் மருந்தின் அளவைக் கணக்கிடுவதிலோ, வலியில் துடிப்பவரைத் தாங்கிப் பிடிப்பதிலோ ஆண் பெண் வேறுபாடு எங்கே வருகிறது என்று அவரையே யோசிக்க விடுங்கள். 1860இல் லண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் கையிலிருந்த விளக்கைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. போர் வீரர்களின் மரணக் காரணங்களை வரைபடமாக்கி அரசை அசைத்த புள்ளியியலாளர் அவர் என்பதையும் சொல்லுங்கள்.

பிறகு அதே தாளைத் திரும்பக் கொடுத்து, மாற்ற வேண்டியதை மாற்றச் சொல்லுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால், அந்த மறுப்பை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.