சூரியன் வெடிக்காது: விண்மீன்களின் முதுமையைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘எரிபொருள் தீர்ந்ததும் விண்மீன் வீங்கிச் சிவப்பு ராட்சதனாகிறது’ என்ற வரியைப் பள்ளிக் கட்டுரைகளிலிருந்து யூடியூப் காணொளிகள் வரை பார்க்கலாம். அது பாதி உண்மைதான். தீர்வது மையத்திலுள்ள ஹைட்ரஜன் மட்டும். வெளி அடுக்குகளில் ஏராளமாக மிச்சமிருக்கும். மையத்தில் அணுப்பிணைவு (ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகி ஆற்றல் தருவது) நின்றதும் மையம் தன் எடை தாங்காமல் சுருங்கிச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில், மையத்தைச் சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் முன்னைவிட வேகமாகப் பிணைகிறது. அந்த ஆற்றல்தான் வெளிப்பகுதியை ஊத வைக்கிறது. மையம் சுருங்குவதைச் சொல்லாமல் வீக்கத்தை மட்டும் சொன்னால் காரணமே காணாமல் போய்விடும்.

சிவப்பு என்றதும் ‘தகிக்கும் வெப்பம்’ என்று எழுதிவிடாதீர்கள். கொல்லன் உலையில் செக்கச் செவேலென்ற இரும்பைவிட வெள்ளையாக ஒளிரும் இரும்புக்குத்தான் சூடு அதிகம். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். சிவப்பு ராட்சதனான சுவாதிக்குச் சுமார் 4,000 தான். ஆனால் சுவாதியின் விட்டம் சூரியனைப் போல 25 மடங்கு. அதனால் அது ஏறத்தாழ 170 மடங்கு ஆற்றலை உமிழ்கிறது.

சிவப்பு ராட்சதர்களான சுவாதி, ரோகிணியோடு திருவாதிரையையும் கேட்டையையும் சேர்த்துக் குழப்புவதும் உண்டு. பின்னவை இரண்டும் சூரியனைப் போல் பத்து மடங்குக்கும் மேல் நிறையுள்ள மீராட்சதர்கள் (ராட்சதர்களிலும் பெரியவை), வாழ்வின் முடிவில் சூப்பர்நோவாவாக வெடிக்கப்போகிறவை. 2019 இறுதியில் திருவாதிரை மங்கியபோது ‘இதோ வெடிக்கிறது’ என்று செய்திகள் பறந்தன. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது சந்திரசேகர் எல்லையைத் தவறாகச் சொல்வது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர், பயணத்தின்போதே போட்ட கணக்கு அது. சூரியன் போன்ற விண்மீன் வெளி அடுக்குகளை இழந்தபின் எஞ்சும் அடர்ந்த மையம்தான் வெண்குறுமீன்; அதன் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கண்டார்; அந்த வரம்பு சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. இதை எடுத்துக்கொண்டு ‘1.4 மடங்குக்கு மேலுள்ள விண்மீன்கள் எல்லாம் வெடிக்கும்’ என்று எழுதுகிறார்கள். அந்த வரம்பு எஞ்சும் மையத்துக்குத்தான், பிறக்கும் விண்மீனுக்கு அல்ல. சிரியஸ் என்ற விண்மீனின் துணையான வெண்குறுமீன் பிறந்தபோது சூரியனைப் போல் சுமார் 5 மடங்கு நிறையோடு இருந்தது. ராட்சதப் பருவத்தில் பெரும்பகுதியை விண்வெளியில் இழந்து, இன்று சூரியன் அளவு நிறையோடு நிற்கிறது. வெடிப்பதற்குப் பிறக்கும்போதே சுமார் 8 மடங்கு வேண்டும். சூரியன் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

‘பூமிக்கு இன்னும் 500 கோடி ஆண்டுகள் இருக்கின்றன’ என்பதும் சரியல்ல. சூரியன் ராட்சதனாவதற்கு அத்தனை காலம் ஆகும். ஆனால் அது 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. கடல்கள் வற்றுவதற்கு அதுவே போதும். புதனும் வெள்ளியும் விழுங்கப்படும் என்று எழுதலாம். பூமியைப் பற்றி அப்படி அடித்துச் சொல்லாதீர்கள்: சூரியன் நிறையை இழக்க இழக்கப் பூமியின் பாதை விரியும், வீங்கிய சூரியனின் ஓதவிசையோ (நிலவு நம் கடலில் ஓதங்களை எழுப்புவது போன்ற ஈர்ப்பு விளைவு) பூமியை உள்ளே இழுக்கும். எது வெல்லும் என்று வானியலாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.