அடுத்த சொல் என்ன? தாளும் பேனாவும் போதும்

படிக்கும்போது கண் போய்ச் சேருமுன் மூளை அடுத்த சொல்லை ஓரளவு எதிர்பார்த்து வைத்திருக்கிறது. 1984-இல் குட்டாஸ், ஹில்யார்டு என்ற இரு மூளை ஆய்வாளர்கள் இதை மூளை அலைகளில் காட்டினார்கள். எதிர்பாராத சொல்லாக இருந்தால், அதைக் கண்டு சுமார் 400 மில்லிநொடியில் எழும் அலை பெரிதாகிறது. எதிர்பார்ப்பை அவர்கள் அளந்ததோ சாதாரண கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லித்தான். அதை மொரிஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் செய்து பார்த்தேன்.

முதலில் பத்து வாக்கியங்கள் எழுதிக் கடைசிச் சொல்லை வெட்டிவிடுங்கள். சில எளிதாக இருக்கட்டும்: "காவடிக்கு வந்தவர்களுக்கு வாழையிலையில் ஏழு கறி ___". சில எங்கும் போகக்கூடியவை: "அக்கா நேற்று சந்தையில் ___".

தாளில்தான் எழுதச் சொல்ல வேண்டும். கைப்பேசி வேண்டவே வேண்டாம், விசைப்பலகையே அடுத்த சொல்லை நீட்டிவிடும்!

நான் வழுக்கியது இங்கேதான். "அப்பா வெனிலா தேநீரைக் ___" என்று கொடுத்தேன். எல்லாரும் "குடித்தார்". எனக்கு ஒரே குஷி. கடைசி பெஞ்சுப் பெண் மெதுவாக, "மிஸ், அதான் 'க்' போட்டிருக்கீங்களே" என்றாள். சரிதான். ஆற்றினார், ஊற்றினார் எல்லாவற்றையும் அந்த ஒற்றே கதவைச் சாத்தி வெளியே தள்ளிவிட்டது. ஒற்றை மட்டும் அழித்தால் தமிழ் பிழையாகும். அதனால் "வெனிலா தேநீரை அப்பா ___" என்று மாற்றினேன். ஆற்றினார் உடனே வந்துவிட்டது.

அப்புறம் எண்ணிக்கை. பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே சொல் எழுதினால் அந்தச் சொல்லின் எதிர்பார்ப்பு 0.8. குடித்தார், குடிக்கிறார், குடிச்சார் எல்லாம் எனக்கு ஒன்றே. அருந்தினார் வேறு. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தாய், தன் மகன் பாதிக் கோடுகளை வெறுமையாக விட்டான் என்று எழுதினார். வீட்டில் மொரிஷியஸின் பேச்சுமொழியான க்ரியோல் மட்டும் பேசும் பிள்ளை. க்ரியோலில் "மோ ப்வார் தித்தே" (நான் குடிக்கிறேன் தேநீர்) என்று வினை முன்னால் வந்துவிடும், தேநீரைத்தான் ஊகிக்க வேண்டும். தமிழில் வினைக்காகக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். அவனுக்கு "மோ ப்வார் ___" என்று ஒரு தாள் கொடுத்துப் பாருங்கள் என்றேன். என் வகுப்பிலும் கொடுத்தேன். க்ரியோல் தாள்கள்தான் முதலில் மேசைக்குத் திரும்பின.