பலவகைக் கணினிகள் உள்ள வீட்டுக்குப் பாதுகாப்பான வைஃபை ரவுட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடைக்குப் போய் நல்ல ரவுட்டர் வேண்டும் என்று கேட்டால், விற்பவர் முதலில் காட்டுவது ஆன்டெனாக்களின் எண்ணிக்கையையும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகத்தையும்தான். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தயாரிப்பாளர் அந்தக் கருவிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பு மேம்படுத்தல் தருவார், வீட்டிலுள்ள மிகப் பழைய கருவி அதனுடன் எப்படி இணையும் என்ற இரண்டும் தெரிந்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

முதல் படி: தாளும் பேனாவும்

வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவியையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் பன்னிரண்டு வரிகள் வந்தன: அப்பாவின் பத்தாண்டுப் பழைய விண்டோஸ் மடிக்கணினி, மகளின் மேக்புக், நான் வேலை செய்யும் லினக்ஸ் கணினி, நான்கு கைப்பேசிகள், டிவி, பிரிண்டர், வாசல் கேமரா, இரண்டு ஸ்மார்ட் பிளக்குகள்.

ஒவ்வொன்றின் எதிரிலும் அது டபிள்யூபிஏ3 என்னும் புதிய பாதுகாப்பு முறையை ஏற்குமா என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு, மேக் ஓஎஸ் கேட்டலினா, ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 ஆகிய நான்கும் 2019-இல் வந்தவை. அவற்றிலிருந்துதான் இந்த ஆதரவு தொடங்குகிறது. இயங்குதளம் புதிதாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் வைஃபை அட்டையும் அதை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலேயுள்ள வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால், இப்போது எந்தப் பாதுகாப்பு முறையில், எந்தச் சானலில் இணைந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். விண்டோஸில் இணைந்திருக்கும் வைஃபையின் பண்புகள் பக்கத்தில் இதே விவரம் இருக்கும்.

இரண்டாம் படி: பூட்டைப் பாருங்கள்

1997-இல் வந்த டபிள்யூஈபி என்னும் முதல் வைஃபை பாதுகாப்பு முறையின் குறை 2001-இலேயே வெளிப்பட்டுவிட்டது; அதைப் பயன்படுத்துவது கதவைச் சாத்தாமல் விடுவதற்குச் சமம். 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 என்னும் முறை இன்றும் பயன்படுகிறது. ஆனால், உங்கள் கைப்பேசி ரவுட்டரோடு இணையும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தை வெளியே நிற்கும் ஒருவர் பதிவுசெய்து கொண்டுபோய், தன் கணினியில் கோடிக்கணக்கான கடவுச்சொற்களை ஓசையின்றி முயன்று பார்க்க அது இடம் கொடுக்கிறது. 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 அந்த வழியை அடைத்தது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். ஆகவே டபிள்யூபிஏ3 இல்லாத ரவுட்டரை இன்று வாங்க வேண்டாம். அதே சமயம், டபிள்யூபிஏ2-வையும் டபிள்யூபிஏ3-ஐயும் சேர்த்து ஏற்கும் கலப்பு முறை அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பிரிண்டர் வெளியே நின்றுவிடும்.

பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைக்க முடியுமா என்றும் பாருங்கள். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. முதல் நான்கு இலக்கங்கள் சரியா என்பதை ரவுட்டர் தனியாகவே சொல்லிவிடும். ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சிகள் போதும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டெஃபான் ஃபீபெக் 2011-இல் காட்டினார்.

மூன்றாம் படி: ஆயுளைக் கேளுங்கள்

பலரும் கவனிக்காமல் விடும் இந்தப் படியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன். 2018 மே மாதம் வெளியே தெரியவந்த விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது. தொற்றிய கருவிகளில் பெரும்பாலானவற்றின் குறைகள் ஏற்கெனவே வெளியில் தெரிந்தவை அல்லது அவற்றின் ஆரம்பக் கடவுச்சொல் மாற்றப்படாதவை. வாங்கும் முன் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் ஃபர்ம்வேர் (ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) பக்கத்தைத் திறந்து, கடைசி மேம்படுத்தல் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகளாக ஒன்றும் வராத மாடல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, எத்தனை காலம் மேம்படுத்தல் தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் அறிவித்தாக வேண்டும். அங்கு விற்கப்படும் மாடலையே நீங்களும் வாங்குவதாக இருந்தால் அந்தத் தேதியைத் தேடிப் பார்க்கலாம். மேம்படுத்தலைத் தானாகவே நிறுவிக்கொள்ளும் வசதி இருப்பது அவசியம்.

நான்காம் படி: எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானதா?

ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் எந்தக் கணினியின் உலாவியிலும் திறக்க வேண்டும். கைப்பேசிச் செயலி வழியாக மட்டுமே அமைக்க முடிகிற, அதற்கும் ஒரு கணக்கு தொடங்கச் சொல்கிற ரவுட்டரை நான் தவிர்ப்பேன். லினக்ஸ் கணினி மட்டும் வைத்திருப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். ரவுட்டரிலுள்ள யூஎஸ்பி துளையில் வன்தட்டைச் செருகி எல்லோரும் கோப்புகளைப் பகிரலாம் என்ற விளம்பரத்துக்காகவும் வாங்க வேண்டாம். பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கு எஸ்எம்பி1 என்னும் பழைய பகிர்வு முறை மட்டுமே தெரியும். பாதுகாப்பில்லாத அந்த முறையை விண்டோஸ் 2017-இலிருந்தே புதிய நிறுவல்களில் விலக்கத் தொடங்கிவிட்டது.

வைஃபை 6 என்னும் புதிய தலைமுறை ரவுட்டரை மாட்டிய அன்று, அப்பாவின் மடிக்கணினியில் பக்கத்து வீட்டு வைஃபைகளெல்லாம் தெரிந்தன, எங்கள் வைஃபை மட்டும் தெரியவில்லை. ரவுட்டர் பழுது என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். உண்மையில் அந்தக் கணினியின் பழைய டிரைவருக்கு, ரவுட்டர் தன் இருப்பைச் சொல்லும் புதிய வகை அறிவிப்பைப் படிக்கத் தெரியவில்லை. கேபிளால் இணைத்து டிரைவரைப் புதுப்பித்ததும் பெயர் வந்துவிட்டது. அதனால் குறைந்தது மூன்று கேபிள் துளைகளாவது உள்ள ரவுட்டரையே வாங்குங்கள்.

ஐந்தாம் படி: வாங்கி வந்த அரை மணி நேரம்

முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அடுத்து நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அது வைஃபை கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது. வைஃபைக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்துக்கொண்டால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் செய்யாது. டபிள்யூபிஎஸ், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, உள்ளே இருக்கும் கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வெளிவழி திறக்க விடும் யூபிஎன்பி ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு முதன்மை வலையிலிருந்து பிரிந்து தனியாக இயங்கும் விருந்தினர் வலையைத் தொடங்கி, கேமரா, ஸ்மார்ட் பிளக், டிவி ஆகியவற்றை அதில் சேருங்கள். மேம்படுத்தல் அரிதாகவே வரும் இக்கருவிகள், வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியோடு ஒரே வலையில் இருக்க வேண்டியதில்லை. இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும் என்பதால் அந்த அலைவரிசையை அங்கே திறந்து வையுங்கள். பிரிண்டரை மட்டும் முதன்மை வலையிலேயே விடுங்கள். விருந்தினர் வலைக்குப் போனால் எந்தக் கணினியிலிருந்தும் அச்சிட முடியாது.

இணைய நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டியிலும் ஒரு வைஃபை ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைக்காமல் விட்டால், புதிய பூட்டுப் போட்ட வாசலுக்குப் பக்கத்திலேயே பழைய கதவு திறந்திருக்கும்.

கடைசியாக, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை ரவுட்டரில் திறந்து முதல் படியில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். பெயர் தெரியாத ஒன்று இருந்தால் உடனே பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் தங்களை அடையாளம் காட்டும் உண்மையான வன்பொருள் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. வீட்டிலுள்ள கைப்பேசிகளின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அந்த வரி அங்கேயே இருந்தால், வைஃபை கடவுச்சொல்லை அப்போதே மாற்றிவிடுங்கள்.