சிஎன்சி மெஷின் நின்றால் உடனே தெரிய: டவர் லேம்ப்பிலிருந்து செல்போன் வரை

கோவை, ஓசூர் பக்கத்து ஜாப் ஒர்க் பட்டறைகள் பலவற்றில் ஷிப்ட் ரிப்போர்ட் இன்னும் நோட்டில்தான் ஓடுகிறது. ஸ்பிண்டில் பேரிங் போனது, கரன்ட் போனது எல்லாம் அதில் ஏறிவிடும். இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்ற 4 நிமிடம், கேஜ் தேட 3 நிமிடம், டிராலி வரும்வரை 6 நிமிடம் என்று போனது எங்கும் ஏறாது. ஒரு ஷிப்டில் இப்படிப் பத்து முறை நின்றாலே முக்கால் மணி நேரம் காலி. அதைப் பிடிக்கத்தான், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின் நின்றதும் செல்போனுக்கு அலர்ட் அனுப்பும் இந்த ஏற்பாடு.

எல்லா மெஷினிலும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். எந்த மெஷின் முன்னால் ஜாப் குவிந்து கிடக்கிறதோ அதையும், பக்கத்தில் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டால் போதும். குவியாத மெஷின் நின்றாலும் டெலிவரி தள்ளிப்போகப் போவதில்லை.

சிக்னல் எங்கே எடுப்பது

ஃபேனக் கம்பெனியின் கன்ட்ரோலில் ஈதர்நெட் வசதி இருந்தால், தகவல் எடுக்க அவர்களே தரும் ஃபோகஸ் (FOCAS) மென்பொருள் வழியாக நேரடியாகவே தகவல் எடுக்கலாம். வழக்கமான போர்ட் 8193. அது இல்லாத மெஷினுக்கு எளிய வழி டவர் லேம்ப், அதாவது மெஷின் மேல் நிற்கும் கலர் விளக்குக் கம்பம். பல மெஷின்களில் பச்சை ஓட்டம், மஞ்சள் சைக்கிள் முடிவு, சிவப்பு அலாரம். ஆனால் மேக்கருக்கு மேக்கர் இது மாறும். மல்டிமீட்டரை வைத்து, ஓடும்போது, முடியும்போது, எமர்ஜென்சி அமுக்கும்போது எந்த ஒயரில் 24 வோல்ட் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். சிலவற்றில் பிளஸ் பொதுவாக இருக்கும், சுவிட்ச் ஆவது மைனஸ் பக்கம். அங்கே இணைப்பைத் திருப்பிப் போட வேண்டும்.

பேனலைத் திறக்குமுன் மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, டிரைவ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சொன்ன நிமிடங்கள் வரை காத்திருங்கள். கரன்ட்டை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மெஷினின் உள் சுவிட்ச் வேலைகளை நடத்தும் லேடர் புரோகிராமைத் தொடவே வேண்டாம். வாரன்டி உள்ள மெஷின் என்றால் லேம்ப் ஒயரைத் தொடும் முன்பே மேக்கரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பிசி817 ஆப்டோகப்ளர் (ஒயர் தொடர்பில்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்). விளக்கின் 24 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக அதன் எல்இடிக்குக் கொடுத்தால் சுமார் 5 மில்லிஆம்பியர் ஓடும், கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். 2.2 கிலோஓம் போட்டால் சூடேறி எல்லையைத் தொட்டுவிடும். மறுபக்கம் இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டின் பின்னுக்கு, 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் புல்அப்போடு (சிக்னல் இல்லாதபோது பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்). விளக்கு எரியும்போது பின்னில் 0 வரும் என்பதை மறந்து, புரோகிராமைத் தலைகீழாக எழுதுபவர்கள் உண்டு. 34 முதல் 39 வரையுள்ள பின்களில் உள் புல்அப் கிடையாது. வெளி ரெசிஸ்டர் இல்லாமல் அவற்றை எடுத்தால் ரீடிங் பேய் பிடித்ததுபோல் ஆடும்.

போர்டுக்கு பேனலின் 24 வோல்ட்டிலிருந்து சப்ளை எடுக்காதீர்கள். இரண்டு பக்கத்து கிரவுண்டும் ஒன்றாகிவிட்டால் ஆப்டோ போட்டதற்கே அர்த்தமில்லை. யுபிஎஸ் லைனிலிருந்து தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். இரும்பு பேனலுக்குள் வைஃபை எட்டாது என்பதால் வெளி ஆன்டெனா போடும் வகை போர்டு வேண்டும், அல்லது போர்டை வெளியே பிளாஸ்டிக் பாக்ஸில் வையுங்கள். சிக்னல் ஒயர் சர்வோ கேபிளோடு ஒரே டிரங்கிங்கில் போகக் கூடாது.

டவர் லேம்ப்பே இல்லாத பழைய லேத்தா? மெயின் சப்ளையின் ஒரு ஃபேஸில் கரன்ட் கிளாம்ப் மாட்டலாம். மோட்டார் சும்மா சுற்றினாலும் கரன்ட் கணிசமாக இழுக்கும். அதனால் சும்மா ஓட்டி ஒரு அளவு, கட்டிங்கில் ஒரு அளவு பார்த்து, இரண்டுக்கும் நடுவே எல்லையை வையுங்கள்.

எண்ணிக்கையும் தகவலும்

பச்சை அணைந்தால் ஒரு பீஸ் என்று எண்ணினால் கணக்கு ஏமாற்றும். சிப் தள்ள நடுவில் எம்00 (ஓட்டத்தை நிறுத்தும் கட்டளை) போட்ட புரோகிராமில் ஒரு பீஸ் இரண்டாகும். அங்கே பச்சை எரிந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, சைக்கிள் டைமை எட்டும்போது ஒன்று எண்ணச் சொல்லுங்கள். அலாரத்தில் சிவப்பு மினுக்கினால், 3 விநாடி தொடர்ந்து அணைந்திருந்தால்தான் அணைந்ததாக எடுக்கவும். இல்லையென்றால் ஒரே அலாரம் நூறு பதிவாகும்.

தகவலை எம்க்யூடிடி (சின்ன போர்டுகள் செய்தி அனுப்பும் முறை) வழியாக ஒரு ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டருக்கு அனுப்பி, நோட்-ரெட் மென்பொருளில் கணக்குப் போட்டு, கிராஃபானா மென்பொருளில் வரைபடமாகத் திரையில் காட்டலாம். எஸ்டி கார்டு பவர் கட்டில் கெட்டுப்போகும். எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் போடுங்கள். போர்டு செத்தால் சர்வருக்குத் தெரியும்படி ‘லாஸ்ட் வில்’ செய்தியை அமைப்பது முக்கியம். அது இல்லாவிட்டால் வைஃபை போனதும் மெஷின் நின்றதும் திரையில் ஒரே மாதிரி தெரியும், இரண்டு முறை பொய்யாக ஓடிவந்த சூப்பர்வைசர் மூன்றாவது முறை வரமாட்டார்.

யாருக்கு, எப்போது

பெரும்பாலான பட்டறைகளில் ஏற்பாடு படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். எல்லா அலர்ட்டையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டினால் ஒரு வாரத்தில் அத்தனை பேரும் மியூட் செய்துவிடுவார்கள். ஒவ்வொரு அலர்ட்டுக்கும் ஒரே ஒரு ஆள் பொறுப்பு. சிவப்பு 2 நிமிடம் நின்றால் மெயின்டனன்ஸ் ஆள். பச்சை இல்லாமல் 5 நிமிடம் போனால் ஷிப்ட் சூப்பர்வைசர். 15 நிமிடத்தில் அவர் ‘பார்த்தேன்’ அமுக்காவிட்டால் புரொடக்‌ஷன் இன்சார்ஜுக்கு. முதலாளிக்கு 30 நிமிடம் தாண்டினால் மட்டும். அவருக்கு எல்லாம் வந்தால் அவரே போன் போட ஆரம்பிப்பார், அதோடு மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரம், செட்டிங், லோடு இல்லாத ஷிப்ட் ஆகியவற்றில் அலர்ட் தானே அடங்க வேண்டும்.

தொடர்ந்து 3 பீஸ் வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தால் அதற்கும் ஒரு அலர்ட் வையுங்கள். பெரும்பாலும் யாரோ ஃபீடு ஓவர்ரைடை (டூல் நகரும் வேகத்தை மாற்றும் குமிழ்) குறைத்திருப்பார்கள். திட்டுவதற்கு முன் டூல் சத்தம் போட்டதா, மெட்டீரியல் கடினமா என்று கேளுங்கள்.

மெஷின் பக்கத்தில் 6 பட்டன் பெட்டி ஒன்று: டூல், செட்டிங், மெட்டீரியல் இல்லை, இன்ஸ்பெக்‌ஷன், ரிப்பேர், ஆள் இல்லை. ‘மற்றவை’ என்று ஒரு பட்டன் வைத்தால் எல்லாம் அதில்தான் விழும். இந்தக் கணக்கைக் காட்டி ஆபரேட்டர் சம்பளத்தில் கை வைத்தால், மறுநாளே ஜாப் இல்லாமல் பச்சை எரியும். டூல் வெறும் காற்றை வெட்டும்படி ஓட்டுவதை டவர் லேம்ப் கண்டுபிடிக்காது.

ஓஇஇ (மெஷின் நேரத்தில் எவ்வளவு நல்ல பீஸாக மாறியது என்ற சதவீதம்) கணக்கு எளிது. 480 நிமிட ஷிப்டில் 30 நிமிட இடைவேளை போக 450. அதில் 60 நிமிடம் நின்று 390 ஓடியது. 2 நிமிட சைக்கிளில் 175 பீஸ் வந்து, 168 தேறியது. 168-ஐ 2-ஆல் பெருக்கி 450-ஆல் வகுத்தால் 74.7 சதவீதம். நிறுத்தத்தில் எவ்வளவு, மெதுவாக ஓடியதில் எவ்வளவு, ரிஜெக்‌ஷனில் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் எதில் கை வைப்பது என்று தெரியும்.

இரண்டு வாரம் ஓடியபின் ஒரு முழு ஷிப்ட் ஸ்டாப்வாட்சோடு மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். திரையில் உள்ள எண்ணிக்கையும் பீஸ் பெட்டியில் விழுந்த பீஸும் பொருந்தினால் மூன்றாவது மெஷினுக்கு ஒயர் வாங்கலாம். பொருந்தாவிட்டால் முதலில் எம்00-ஐயும் மினுக்கும் விளக்கையும் பாருங்கள்.